நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் மீன் தொட்டியும்

மீன் வளர்க்க ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "பி.எச். எவ்வளவு இருக்கணும்?" என்றுதான். பி.எச். என்பது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம். கடைக்காரரும் யோசிக்காமல் "ஏழு" என்பார். கூடவே இரண்டு சின்ன புட்டிகளை எடுத்து வைப்பார், இதை விட்டால் ஏறும், அதை விட்டால் இறங்கும் என்று. என்னைக் கேட்டால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கே.எச். (அமிலத்தைத் தாங்கும் கார்பனேட்), அடுத்து ஜி.எச். (கால்சியமும் மக்னீசியமும்), இரண்டும் தெரிந்துவிட்டால் பி.எச். பெரும்பாலும் தானாகவே புரிந்துவிடும், அந்தப் புட்டிகளுக்கும் வேலை இருக்காது.

நான் கோவைக்காரன். மீன் வளர்ப்பவர்களுக்கு இந்த ஊரில் ஒரு வசதி உண்டு, அது பலருக்குத் தெரிவதில்லை. இங்கே நிறைய வீடுகளில் இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்றில் கார்ப்பரேஷன் நல்ல தண்ணி, இன்னொன்றில் போர்வெல் உப்புத் தண்ணி. எங்கள் பக்கம் வரும் நல்ல தண்ணி சிறுவாணி. பாலக்காடு மாவட்டத்துக் காட்டுக்குள் இருக்கும் அணையிலிருந்து வருவது. மழை விழுந்து, கரையாத கெட்டிப் பாறைமேல் ஓடி, அப்படியே நமக்கு வந்து சேர்கிறது, வழியில் அதில் கரைவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. உப்புத் தண்ணியின் கதை நேர்மாறு. கோவையைச் சுற்றிப் பல இடங்களில் மண்ணைக் கொஞ்சம் தோண்டினாலே சுக்கான்கல் என்னும் சுண்ணாம்புக் கட்டி வரும். மதுக்கரையில் சிமென்ட் ஆலை வந்ததே அங்கே கிடைத்த சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கிருக்கும் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு லேசாக அமிலமாகிறது, அந்த அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கிறது, கரைந்தது கால்சியமாகவும் பைகார்பனேட்டாகவும் தண்ணீரோடு வந்து நம் பாத்ரூம் குழாயில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது.

எங்கள் வீட்டுக் குழாய்களில் நான் வழக்கமாகப் பார்க்கும் அளவுகளைச் சொல்கிறேன், இந்தக் கட்டுரை முழுக்க இவைதான் வந்துகொண்டிருக்கும். சிறுவாணி: கே.எச். 1, ஜி.எச். 2, டி.டி.எஸ். (கரைந்திருக்கும் மொத்த உப்பு) 50-ஐ ஒட்டி. போர்: கே.எச். 13, ஜி.எச். 26, டி.டி.எஸ். 1250. உங்கள் வீட்டில் வேறாக இருக்கும், அடுத்த தெருவிலேயே வேறாக இருக்கும், அதனால் என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஜி.எச். என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும். மீனின் உடம்பு, நத்தையின் ஓடு, இறால் தோலுரிப்பது, முட்டை பொரிப்பது எல்லாம் இதோடு சம்பந்தப்பட்டவை. கே.எச். என்பது கார்பனேட்டும் பைகார்பனேட்டும். அமிலம் வந்தால் வாங்கிக்கொண்டு பி.எச். இறங்காமல் பார்த்துக்கொள்வது இதுதான். சுண்ணாம்புக்கல் கரைந்த தண்ணீரில் இரண்டும் சேர்ந்தே வருவதால் ஒன்றுதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் ஒன்று மட்டும் ஏறலாம், ஒன்று மட்டும் இறங்கலாம். மீன்காரர்கள் சொல்லும் ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். குடிநீர் பரிசோதனை அறிக்கை கையில் இருந்தால் அதிலுள்ள கடினத்தன்மையை 18-ஆல் வகுத்தால் போதும். நம் நாட்டுக் குடிநீர்த் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது, வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 600 வரை. அறுநூறு என்றால் 33 டிகிரி. நாம் குடித்துவிடுவோம், மோலி மீனும் சந்தோஷமாக இருக்கும், அதில் நியான் டெட்ரா முட்டை பொரிக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

அளப்பதற்குச் சொட்டு டெஸ்ட் கிட் வாங்குங்கள். ஐந்து மில்லி தண்ணீரைக் குப்பியில் எடுத்து ஒரு சொட்டு விட்டு, மூடிக் குலுக்கி, இன்னொரு சொட்டு. கே.எச். கிட்டில் முதல் சொட்டுக்கு நீலமாகும், அப்படியே நீலமாகவே போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு சொட்டில் மஞ்சளாகும். அதுவரை விட்ட சொட்டுகளின் எண்ணிக்கைதான் டிகிரி. போர் தண்ணிக்கு எண்ணி எண்ணிக் கை வலிக்கும். சிறுவாணியில் முதல் சொட்டிலேயே மஞ்சளாகிவிடும், அது அரை டிகிரியா ஒன்றா என்று தெரியாது. அதற்கு ஐந்துக்குப் பதில் பத்து மில்லி எடுங்கள், அப்போது ஒரு சொட்டு அரை டிகிரி. காகிதப் பட்டைகளை நான் நம்புவதில்லை. பேனா மாதிரி இருக்கும் மலிவு பி.எச். மீட்டரை, கூட வரும் பொடிகளைக் கரைத்து அடிக்கடி சரிபார்த்தால் ஓரளவு நம்பலாம், ஆனால் உப்பே இல்லாத தண்ணீரில் அதன் எண் நிற்காமல் அலைந்துகொண்டே இருக்கும், சிறுவாணிக்கு அது லாயக்கில்லை. டி.டி.எஸ். மீட்டர் மட்டும் விலைக்கு மேல் உழைக்கும். அது ஜி.எச்., கே.எச். எதையும் தனியாகச் சொல்லாது, ஆனால் நேற்றைய தண்ணீரும் இன்றைய தண்ணீரும் ஒன்றா என்பதை ஒரு நொடியில் சொல்லிவிடும்.

இப்போது ஒரு வேலை செய்து பாருங்கள். மோட்டார் ஓடும்போதே போர் தண்ணியை நேராகக் குழாயிலிருந்து பிடித்து பி.எச். பாருங்கள். ஏழு, ஏழே கால் என்று வரும். அதையே ஒரு அகலமான பாத்திரத்தில், முடிந்தால் ஏர் பம்ப் போட்டு, ஒரு ராத்திரி வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். எட்டைத் தாண்டியிருக்கும், மேலே மெல்லிய வெள்ளை ஏடுகூடப் படிந்திருக்கலாம். யாரும் எதையும் கலக்கவில்லை. பூமிக்குள் அழுத்தத்தில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிட்டது, அவ்வளவுதான். கே.எச். அளந்தால் கிட்டத்தட்ட அதே பதின்மூன்று. குழாயில் பிடித்த உடனே பி.எச். பார்த்துவிட்டு "எங்க வீட்டுத் தண்ணி சரியா ஏழு" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான எண் தெரியாது என்று நான் சொல்வது இதனால்தான். போர் தண்ணியின் பி.எச். எவ்வளவு என்று யாராவது கேட்டால், ராத்திரி முழுக்க வைத்த பிறகு எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள்.

கடையில் கொடுக்கும் அந்த இறக்கும் புட்டி என்ன செய்கிறது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். அதற்குள் இருப்பது ஏதோ ஒரு அமிலம், பல புட்டிகளில் பாஸ்பாரிக். கே.எச். 13 உள்ள தொட்டியில் அதை விட்டால் பைகார்பனேட்டோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு உண்டாகும், பி.எச். அந்த நிமிடமே இறங்கும், டெஸ்ட் கிட் பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போகும், மனசுக்கு நிறைவாக இருக்கும். ராத்திரி அந்த வாயு வெளியேறியதும் காலையில் பி.எச். பழைய இடத்துக்கே வந்து நிற்கும். மறுபடி சொட்டு, மறுபடி ஏற்றம். ஒவ்வொரு தடவையும் கே.எச். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருப்பது யார் கண்ணிலும் படாது. ஒருநாள் அது தீர்ந்திருக்கும், அன்றைக்கும் அதே அளவு சொட்டு விடுவார்கள், பி.எச். ஏழில் நிற்காமல் ஐந்துக்குக் கீழே போய்விடும். பி.எச். அளவுகோலில் ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு, இரண்டு எண் என்றால் நூறு மடங்கு. இந்த அளவுகோலை 1909-ல் கோபன்ஹேகனில் ஒரு பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் உருவாக்கியபோது மீன் தொட்டி அவர் நினைவில் இருந்திருக்காது, ஆனால் ஏழுக்கும் ஐந்துக்கும் நடுவில் இரண்டுதானே வித்தியாசம் என்று நினைப்பவர்களின் மீன்கள்தான் பாவம்.

பாஸ்பாரிக் அமிலத்தால் பாசிக்குத் தீனி கிடைப்பது தனிக் கணக்கு. எலுமிச்சம்பழம் பிழிகிறவர்கள், வினிகர் ஊற்றுகிறவர்கள் எல்லாம் உண்டு. அதே கதைதான், கூடவே தண்ணீர் கலங்கும்.

சரி, சிறுவாணிக்கு வருவோம். டெட்ரா வளர்ப்பவர்களுக்கு இது சொர்க்கம், இவ்வளவு மென்மையான, அதாவது ஜி.எச்.சும் கே.எச்.சும் குறைந்த தண்ணீரை மற்ற ஊர்க்காரர்கள் ஆர்.ஓ. போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆனால் வெறும் சிறுவாணியை மட்டும் தொட்டியில் ஊற்றி வைப்பதில்தான் எனக்குப் பயம். போர் தண்ணியில் மீன் சாவதைவிட நல்ல தண்ணியில் மீன் சாவதைத்தான் நான் இந்த ஊரில் அதிகம் பார்த்திருக்கிறேன், செத்தவிதமும் ஒரே மாதிரி இருக்கும்: பல மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய தொட்டியில், தண்ணீர் மாற்றிய அன்று எல்லாம் மொத்தமாக.

காரணம் ஃபில்டருக்குள் இருக்கிறது. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வேலையில் அமிலம் உண்டாகிறது, அதை வாங்கிக்கொள்வது கே.எச். என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறினால் ஏறக்குறைய ஏழு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான கே.எச். காலியாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சிறுவாணியின் ஒரு டிகிரி கே.எச். என்பது லிட்டருக்கு 18 மில்லிகிராம். அதை வைத்து இரண்டரை மில்லிகிராம் நைட்ரஜனைத்தான் மாற்ற முடியும். நைட்ரஜனோடு ஆக்சிஜனும் சேர்ந்த எடையைக் காட்டும் நைட்ரேட் கிட்டில் அது வெறும் 11 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 11 மில்லிகிராம். மீன் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும் தொட்டியில் அந்த 11 வருவதற்கு ரொம்ப நாள் ஆகாது. செடி நிறைய இருந்தால் அம்மோனியாவைச் செடிகளே நேராக எடுத்துக்கொள்ளும், அங்கே இந்தக் கணக்கு மெதுவாகப் போகும்.

கே.எச். பூஜ்யமான பிறகு பி.எச். ஆறுக்குக் கீழே போகும். அதற்குக் கீழே ஃபில்டர் பாக்டீரியாக்கள் மந்தமாகிவிடும், அம்மோனியா சேர ஆரம்பிக்கும். ஆனால் மீன் சாகாது! ஏனென்றால் அமிலத் தண்ணீரில் அம்மோனியா முழுக்க அம்மோனியமாக இருக்கும், அது அவ்வளவாக விஷம் இல்லை. 28 டிகிரி வெப்பத்தில், பி.எச். ஆறில், விஷமான வடிவம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பி.எச். எட்டில் அதே அம்மோனியாவில் நூற்றுக்கு ஆறேழு பங்கு விஷ வடிவத்துக்கு வந்துவிடும்.

ஒரு நண்பர் வீட்டில் இது அப்படியே நடந்தது. ஏஞ்சல் மீன் தொட்டி, வெறும் சிறுவாணி, ஆவியாகும் தண்ணீருக்கு மட்டும் மேலே ஊற்றிக்கொண்டிருந்தார், நன்றாகவே இருந்தது. கோடையில் நல்ல தண்ணி வருவது தள்ளிப்போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியைச் சுத்தம் செய்வோம் என்று பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் போர் தண்ணியை நிரப்பியிருக்கிறார். மாலைக்குள் எல்லா மீனும் மேலே வந்து வாய் பிளந்தன, செவுள் சிவந்துவிட்டது. "ஏனுங்க, தண்ணி மாத்துனா மீனுக்கு நல்லதுன்னுதானே சொல்றீங்க?" என்று போனில் கேட்டார். போர் தண்ணியால் செத்தது என்று இன்றைக்கும் அவர் வீட்டில் சொல்கிறார்கள். அதிலேயே மோலியும் கப்பியும் தலைமுறை தலைமுறையாக வாழும் தண்ணீர் அது. ஆறுக்குக் கீழே கிடந்த தொட்டியை ஒரே வீச்சில் எட்டுப் பக்கம் தூக்கியதும், அதுவரை சும்மா கிடந்த அம்மோனியம் முழுக்க விழித்துக்கொண்டது. இப்படி ஒரு பழைய தொட்டி உங்களிடம் இருந்தால் முதலில் அம்மோனியா பாருங்கள், பிறகு அதே மென்மையான தண்ணீரால் தினம் பத்து சதவீதமாக மாற்றி அம்மோனியாவைக் குறையுங்கள், கே.எச்.சை ஏற்றுவது அதற்கப்புறம்.

இரண்டு குழாய் இருக்கும் வீட்டில் இதற்கு மருந்து குழாயிலேயே இருக்கிறது. கலப்பதுதான். கே.எச்., ஜி.எச்., டி.டி.எஸ். மூன்றும் கலக்கும்போது நேர்க்கணக்காகச் சராசரியாகும். மூன்று குடம் சிறுவாணிக்கு ஒரு குடம் போர்: கே.எச். மூன்றும் பதின்மூன்றும் பதினாறு, நாலால் வகுத்தால் 4. ஜி.எச். ஆறும் இருபத்தாறும் முப்பத்திரண்டு, அதாவது 8. டி.டி.எஸ். 350. கிட்டத்தட்ட கடையில் கிடைக்கும் எல்லா மீனும் இந்தத் தண்ணீரில் குறையில்லாமல் இருக்கும். பி.எச். மட்டும் இப்படிச் சராசரி ஆகாது. ஏழையும் எட்டையும் கலந்தால் ஏழரை என்று நினைக்க வேண்டாம், கே.எச். அதிகமுள்ள தண்ணீர் பக்கம்தான் அது சாயும். அதனால்தான் பி.எச்.சைக் குறிவைத்துக் கலக்கக்கூடாது, கே.எச்.சைக் குறிவைக்க வேண்டும்.

கலப்பதைத் தொட்டிக்குள் செய்யாதீர்கள். ஒரு டிரம்மிலோ பெரிய பக்கெட்டிலோ கலந்து, ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்துவிட்டு, டி.டி.எஸ். பார்த்து ஊற்றுங்கள். கார்ப்பரேஷன் தண்ணீரில் இருக்கும் குளோரினும் அதற்குள் பெருமளவு போயிருக்கும், அவசரம் என்றால் சோடியம் தயோசல்பேட் கொஞ்சம். ஏற்கனவே வேறு அளவில் ஓடும் தொட்டியைப் புதிய கலவைக்குக் கொண்டுவருவதென்றால் ஒவ்வொரு வாரமும் மாற்றும் தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டே வாருங்கள், ஒன்றிரண்டு மாதத்தில் தானாக வந்து சேரும்.

ஒரே ஒரு குழாய், அதுவும் மென்மையான தண்ணீர் என்றால் கே.எச்.சை ஏற்ற எளிய பொருள் ஆப்பசோடா. நூறு லிட்டருக்கு மூன்று கிராம் போட்டால் ஒரு டிகிரி ஏறும், சமையலறை டீஸ்பூனில் அரையை ஒட்டி. கரைத்து, ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல் போகாமல். இதனால் ஜி.எச். ஏறாது, அதற்குப் பேதி உப்பு என்று நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் எப்சம் உப்பு இருக்கிறது. நூறு லிட்டருக்கு நாலரை கிராம் ஒரு டிகிரி தரும், ஆனால் அது வெறும் மக்னீசியம், கால்சியமும் வேண்டும் என்பதால் அதை மட்டுமே நம்ப முடியாது.

எனக்குப் பிடித்த வழி கிளிஞ்சல். பல்லடம் பக்கம் கோழிப்பண்ணைகள் இருப்பதால் இங்கே தீவனக் கடைகளில் கோழிக்குப் போடும் உடைத்த கிளிஞ்சல் மலிவாகக் கிடைக்கும். நன்றாகக் கழுவி, ஒரு பழைய நைலான் சாக்ஸில் ஒரு கைப்பிடி போட்டு ஃபில்டருக்குள் வைத்துவிட்டால் ஜி.எச்.சும் கே.எச்.சும் சேர்ந்தே மெதுவாக ஏறும். இதில் ஒரு அழகு உண்டு. தண்ணீர் அமிலமாக ஆக அது வேகமாகக் கரையும், பி.எச். ஏழரைக்கு மேல் போகப் போகக் கரைவது ஏறக்குறைய நின்றுவிடும். அளவு கூடிப்போகும் என்ற பயமே வேண்டாம். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது, அது இப்படிக் கட்டுப்பட்டுக் கரையாது, கொஞ்சம் போட்டாலே பி.எச்.சைப் பத்துக்கு மேல் கொண்டுபோய்விடும். பவளத் துண்டுகளையும் வாங்க வேண்டாம். வெளிநாட்டு மீன்காரர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், இங்கே பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியோடு ஒரே அட்டவணையில் இருக்கிறது.

தெரியாமலே கே.எச். ஏறிக்கொண்டிருந்தால் தொட்டியில் போட்ட கல்லைச் சந்தேகப்படுங்கள். அலங்காரக் கடையில் வாங்கிய வெள்ளைக் கூழாங்கற்களில் பல, பளிங்குத் துண்டுகள். கல்லைத் துடைத்துக் காயவைத்து நாலு சொட்டு வினிகர் விட்டுக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் மெல்லிய சரசரப்பு கேட்கும், நுரை கண்ணில் படுவதற்கு முன்பே. அப்படிக் கேட்டால் அந்தக் கல் டெட்ரா தொட்டிக்கு வேண்டாம், கடினத் தண்ணீர் கேட்கும் ஆப்பிரிக்கச் சிக்லிட் மீன்களின் தொட்டிக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடினத்தைக் குறைப்பதுதான் கஷ்டமான வேலை, ஏனென்றால் தண்ணீரில் எதையும் போட்டுக் குறைக்க முடியாது, கலந்தோ வடிகட்டியோ எடுத்தாக வேண்டும். போர் மட்டுமே இருக்கும் வீட்டில் ஆர்.ஓ. அல்லது மழை. வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில் கே.எச். கிட்டத்தட்ட பூஜ்யம்தான் இருக்கும், அதோடு போர் தண்ணியை மேலே சொன்ன கணக்கிலேயே கலந்துகொள்ளலாம். சில மாடல்களில் சுவைக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரையே திருப்பிக் கலந்துவிடுவார்கள், அதனால் அதையும் அளந்துவிடுங்கள். மழைத்தண்ணீர் இன்னும் நல்லது, முதல் மழையை ஓட விட்டுவிட்டு, கூரையைக் கழுவிய பிறகு பிடித்தால். பி.எச். ஐந்தரைக்குப் பக்கம் காட்டும், பயப்பட வேண்டாம், அதில் அமிலத்தை எதிர்க்கவும் ஒன்றுமில்லை, அமிலமாகவும் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு குவளை போர் தண்ணி சேர்ந்தாலே ஏழைத் தாண்டிவிடும். கொதிக்க வைத்தாலும் கொஞ்சம் குறையும், பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைதான் அது, ஆனால் நூறு லிட்டர் தொட்டிக்கு யார் கேஸ் செலவு செய்வது?

அபார்ட்மென்ட்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மொட்டை மாடியில் சாஃப்ட்னர் வைத்திருக்கிறோம், எங்கள் தண்ணி சாஃப்ட் என்பார்கள். சாஃப்ட்னர் செய்வது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுவது. சோப்பு நுரைக்கும், ஷவர் அடைக்காது, ஜி.எச். கிட்டில் முதல் சொட்டிலேயே நிறம் மாறும். கே.எச். அதே பதின்மூன்று, டி.டி.எஸ். அதே ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம், பி.எச். அதே எட்டு. டெட்ராவுக்கு வேண்டிய மென்மை இதில் இல்லை, மோலிக்கு வேண்டிய கால்சியமும் போய்விட்டது. இரண்டு பக்கமும் நஷ்டம். சாஃப்ட்னருக்கு முன்னால் ஒரு குழாய் இருந்தால் அதிலிருந்து பிடியுங்கள்.

நாட்டு பாதாம் இலை பற்றிக் கேட்பீர்கள். காய்ந்து விழுந்த இலையைக் கழுவிப் போட்டால் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும், மீனுக்கு நல்லது, பெட்டாவும் டெட்ராவும் அந்த நிழலில் தைரியமாக வெளியே வரும். அதனால் பி.எச். இறங்குமா என்றால் சிறுவாணியில் இறங்கும், போர் தண்ணியில் நிறம் மட்டும்தான் மாறும். அமேசானில் போய்ச் சேரும் ரியோ நீக்ரோ ஆறு பி.எச். நாலு, ஐந்து என்று ஓடுவதற்கு இலை மட்டும் காரணம் இல்லை, எதிர்க்க அந்தத் தண்ணீரில் கே.எச். என்று ஒன்றுமே இல்லாததும்தான்.

இவ்வளவும் எதற்கு என்று யோசித்தால், பெரும்பாலானவர்களுக்கு எதுவுமே தேவையில்லை. குழாயில் வரும் தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்கினால் போதும். போர் மட்டும் இருக்கிறதா? கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில், கோல்ட் ஃபிஷ், இன்னும் ஆசை இருந்தால் மலாவி ஏரிச் சிக்லிட்கள், அந்த ஏரியின் பி.எச்.சே எட்டை ஒட்டித்தான். சிறுவாணியா? டெட்ரா, ராஸ்போரா, கௌராமி, கோரிடோரஸ், பண்ணையில் வளர்த்த மிஸ் கேரளா. மென்மையான தண்ணீரில் மோலியை விட்டால் ஒரே இடத்தில் நின்று உடம்பை நெளித்து நெளித்து ஆடும், துடுப்பை ஒடுக்கிக்கொள்ளும். நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவார்கள். ஆப்பிள் நத்தையின் ஓட்டில் உச்சியிலிருந்து வெள்ளைக் குழிகள் விழும். இந்த இரண்டும் கண்ணில் பட்டால் டெஸ்ட் கிட்டே தேவையில்லை.

இன்னொன்று, கடையில் விற்கும் நியான் டெட்ராக்களில் பெரும்பாலானவை அமேசானைப் பார்த்தவை அல்ல, பண்ணையில் பிறந்தவை. சென்னை கொளத்தூரில் சிமென்ட் தொட்டியில் வளர்ந்த ஏஞ்சலுக்கு அமேசான் தண்ணீர் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், அது பிறந்ததிலிருந்து எந்தத் தண்ணீரில் இருந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். மென்மையான தண்ணீர் விட்டே ஆக வேண்டும் என்பது முட்டை வைத்துக் குஞ்சு எடுக்க நினைப்பவர்களுக்குத்தான், டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர்களுக்கு இது தெரிந்ததே.

செடி வைத்து கார்பன் டை ஆக்சைடு விடுபவர்களின் தொட்டியில் தினமும் பி.எச். ஒரு எண் இறங்கி ஏறுகிறது, மீன்கள் கண்டுகொள்வதில்லை. கே.எச். 4 உள்ள தண்ணீரில் பி.எச். 6.6-க்கு வந்தால் வாயு 30 பி.பி.எம். அளவில் இருக்கிறது என்று அர்த்தம், அதற்கே பி.எச்.சைப் பயன்படுத்துகிறார்கள். வாயுவால் இறங்கும் பி.எச். வேறு, உப்பு மாறுவதால் வரும் அதிர்ச்சி வேறு. டி.டி.எஸ். 1250-லிருந்து 50-க்கு ஒரு மீனைத் தூக்கிப் போட்டால் அதன் செவுளும் சிறுநீரகமும் ஒரே நாளில் வேறு கணக்குக்கு மாற வேண்டும். பி.எச். அதிர்ச்சி என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

அதனால் பக்கத்துத் தெருக் கடையில் வாங்கிய மீனை, தண்ணீர் ரொம்ப வேறாக இருந்தால், ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் பழக்குங்கள். ஆனால் பார்சலில் ஒரு ராத்திரி பயணம் செய்து வந்த மீனை அப்படிச் செய்யாதீர்கள். மூடிய பைக்குள் மூச்சு விட்டு விட்டுக் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், கழிவும் சேர்ந்திருக்கும், நண்பர் வீட்டு ஏஞ்சல் தொட்டி போலவே. பையைத் திறந்ததும் வாயு போகும், பி.எச். ஏறும், அதே பைத் தண்ணீரில் மீனை ஒரு மணி நேரம் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பையைத் திறக்காமல் மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும், வலையில் பிடித்துத் தொட்டியில் விட்டுவிடுங்கள். அனுப்பியவரிடம் முன்பே டி.டி.எஸ். கேட்டு, ஒரு தனித் தொட்டியில் அதே அளவுக்குக் கலந்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

கோடை பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல், மே மாதங்களில் சிறுவாணி குறைந்தால் வேறு திட்டத்துத் தண்ணீரையும் சேர்த்துத் திருப்பிவிடுவார்கள், லாரித் தண்ணீர் என்றால் எந்தக் கிணறு என்றே தெரியாது, அதனால் தண்ணீர் விடும் நாளன்று டி.டி.எஸ். மீட்டரைக் குழாயில் ஒரு தடவை முக்கிப் பாருங்கள், 50 காட்டிய இடத்தில் 300 காட்டினால் கலவைக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு மேலே ஊற்றும்போது கலவைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், போர் தண்ணியை ஊற்றவே ஊற்றாதீர்கள். போவது வெறும் தண்ணீர்தான், உப்பு முழுக்கத் தொட்டியிலேயே தங்கிவிடும், அந்த இடத்தை சிறுவாணியாலோ ஆர்.ஓ.வாலோ நிரப்பினால்தான் ஜி.எச். இருந்த இடத்திலேயே இருக்கும்.